ஐந்தாம் கம்பி, இரண்டாம் ஃப்ரெட்

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். பாரிவாக்கம் ரோட்டில் வழக்கம்போலச் சேறு. ஆபீஸ் போகவில்லை, வீட்டிலிருந்தே வேலை. துணி காயவில்லை. ஹாலில் கொடி கட்டியாயிற்று, தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

கிட்டார் நேற்றுச் சாயங்காலம் திரும்பி வந்தது. ஃப்ளோரா அக்கா தானே தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். லிஃப்ட் நாலு நாளாகப் படுத்த படுக்கை. அவர் வீடு தரைத்தளம். அவர் நடத்தும் சர்ச் பாட்டுக் குழுவின் கிட்டார் கழுத்து உடைந்துபோனதால், சனி ஞாயிறு இரண்டு நாளைக்கு என்னுடையதைக் கேட்டிருந்தார். "நானா வாசிக்கப்போறேன்? பிரகாஷ் வாசிப்பான். பூ மாதிரி வச்சுப்பான்" என்றார். அந்தப் பிரகாஷ்தான் வெள்ளிக்கிழமை வந்து வாங்கிப் போனார். ஆவடி ஃபாக்டரியில் ஃபிட்டர். முப்பத்தைந்து வயது இருக்கும். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். என் கண் அங்கேதான் போயிற்று.

கிட்டார் இல்லாத ஞாயிறு என்பதால் நேற்று ரூமைச் சுத்தம் செய்தேன். ஒட்டடை, ஃபேன், ஜன்னல். ஜன்னல் திண்டில் கிடந்ததெல்லாம் பீரோ மேலே போயிற்று: பழைய டார்ச், பிக் டப்பா, தையல் பெட்டி, கு.வின் ஹெல்மெட் (கு. என் வீட்டுக்காரர், குமார் என்று முழுதாக எழுத எனக்கு எப்போதும் சோம்பல்). இடுப்பு போச்சு.

இன்று ஆறு மணிக்கு மீட்டிங் முடிந்தது. எம்பி, பிக் டப்பாவிலிருந்து கம்பியை மீட்டுகிற பிக் ஒன்று எடுத்து, கட்டிலில் உட்கார்ந்தேன். எட்டு மாதமாகக் கற்றுக்கொள்வது மூன்றே கார்டு (பல கம்பியைச் சேர்த்து அழுத்தி வாசிப்பது). ஜி, சி, டி. ஜி போட்டேன். கூடவே ஏதோ கிர்ர் என்றது.

மறுபடி ஜி. மறுபடி கிர்ர்.

வெள்ளிக்கிழமை இந்தச் சத்தம் இல்லை.

நாளை: பால் கூப்பன், கரண்ட் பில், கு.வுக்கு சட்டை இஸ்திரி.

நவ. 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

பதினாறு வருஷமாக என் வேலை தப்பு கண்டுபிடிப்பது. மற்றவர்கள் எழுதுகிற சாஃப்ட்வேரில். அதற்குத்தான் சம்பளம். ஆகவே முறைப்படி:

— எங்கே: ஐந்தாம் கம்பி (மேலிருந்து இரண்டாவது, தடித்தது). இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கட்டம்) அழுத்தினால்.
— எப்போது: ஒவ்வொரு தடவையும்.
— என்ன சத்தம்: நோட் வரும், பின்னாலேயே கிர்ர்ர். பாட்டிலுக்குள் மாட்டிய வண்டு.
— மற்றக் கம்பிகள்: சுத்தம். (முதல் மூன்று ஃப்ரெட் வரை. அதற்கு மேல் எனக்குப் பாதை தெரியாது.)
— கடைசியாக நன்றாக இருந்தது: வெள்ளி காலை.
— அதற்குப் பிறகு என்ன மாறியது: வெளியே போய் வந்தது.

கடைசிக் கேள்விதான் முக்கியம். டீமில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்வேன், என்ன மாறியது என்று கேளுங்கள், பாதி வேலை முடிந்தது என்று. எனக்கு அரை நிமிஷத்தில் பதில் கிடைத்துவிட்டது. பெருமையாகக்கூட இருந்தது.

கு. பல் தேய்த்துக்கொண்டே சொன்னது: "மழைக்காலம். மரம் ஊதியிருக்கும். பாத்ரூம் கதவே மூட மாட்டேங்குது." அவர் எதற்கும் மழையைத்தான் சொல்வார். கணக்கில் எடுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு கேட்டருகே காய்கறி வேன். ஃப்ளோரா அக்கா, இரண்டாம் மாடி ரேவதி, இன்னும் ஓர் அம்மா, எல்லோரும் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"அக்கா, கிட்டார் அங்க எங்கயாச்சும் கீழ விழுந்துச்சா?"

"இல்லியே கண்ணு. இன்னா ஆச்சு?"

"ஒரு நோட் உறுமுது. குடுக்கும்போது நல்லா இருந்துச்சு."

"எங்க ஊட்லயும் நல்லாதானம்மா இருந்துச்சி. சர்ச்ல கூட சூப்பரா கேட்டுச்சி, பாஸ்டரம்மாவே சொன்னாங்க."

'என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது.' டெவலப்பர்கள் தினமும் என்னிடம் சொல்கிற வாக்கியம். அதற்கென்றே ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன், மீட்டிங் சிரிப்பு. அதைச் சிரித்தேன்.

"அப்ப மாடி ஏறி வரும்போதுதான் கெட்டுப்போயிருக்கும்போல."

ரேவதி கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஃப்ளோரா அக்காவின் முகம் சுருங்கியது. "இரு, பிரகாஷாண்ட கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பையில் போட்ட தக்காளியையும் எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் எங்கள் அபார்ட்மென்ட் பெண்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: 'இரவல் வாங்கும் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது சரிபார்த்துக் கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது. பொதுவாகச் சொல்கிறேன்.' பதினோரு கட்டைவிரல்.

நவ. 5, புதன்

மேகமூட்டம். லிஃப்ட் ஆள் வந்தான், பார்த்தான், போய்விட்டான்.

காலையில் குரூப்பைத் திறந்தால் பன்னிரண்டு கட்டைவிரல். பன்னிரண்டாவது ஃப்ளோரா அக்கா. போனைக் கவிழ்த்து வைத்தேன். ஏன் என்று யோசிக்காமல் தோசை ஊற்றப் போய்விட்டேன்.

செய்தவை: ஐந்தாம் கம்பி புதிதாக மாற்றினேன், ஒன்றரை மணி நேரம், கட்டைவிரலில் குத்து. கிர்ர். தலைப்பக்கத் திருகுகளை எல்லாம் முறுக்கிப் பார்த்தேன். கிர்ர். குலுக்கிப் பார்த்தேன், உள்ளே ஒன்றும் உருளவில்லை. ஃப்ரெட்டைக் கண்ணாடித் துணியால் துடைத்தேன். கிர்ர்.

ஒரு வீடியோவில் வெள்ளைக்காரர் ஒருவர், கீழே விழுந்த கிட்டாரில் உள்கட்டை விட்டுப்போகும், அப்போது ஒரே ஒரு நோட் மட்டும் இரையும் என்கிறார். அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மற்ற காரணங்கள் ஏழு சொன்னார். அதெல்லாம் ஒரு தடவைகூட முழுதாகக் கேட்கவில்லை.

நவ. 6, வியாழன்

நல்ல மழை. ஆபீஸ் போய் வந்தேன். பூந்தமல்லியில் ஒரு மணி நேரம் நகரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்து ஈரச் சேலையை மாற்றுவதற்குள் மணி அடித்தது. ஃப்ளோரா அக்கா. குடை சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"பிரகாஷாண்ட கேட்டேம்மா. சத்தியமா கீழ போடலக்கான்றான். நான் உடல. அது படிச்ச பொண்ணு, கம்ப்யூட்டர்ல தப்பு கண்டுபுடிக்கறதே அதோட வேல, அதுக்குத் தெரியாதா, பொய் சொல்லாதடான்னு கேட்டுட்டேன்."

"என்ன சொன்னார்?"

"இன்னா சொல்வான். பாட்டு புக்க அப்டியே டேபிள் மேல வச்சுட்டு பூட்டான்."

விடுங்க அக்கா, நடந்தது நடந்துபோச்சு என்றேன். மன்னித்துவிட்டவளின் குரல் தானாக வந்தது.

அவர் போனதும் கு. பேப்பருக்குப் பின்னாலிருந்து: "விழுந்ததை நீ பாத்தியா?"

பார்க்க வேண்டியதில்லை, தெரியும் என்றேன்.

உண்மையைச் சொன்னால், இன்றைக்கு மனசுக்குள் ஒரு திருப்தி. நான் சொன்னதை அக்கா நம்பிவிட்டார். இதை எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது, எழுதுகிறேன்.

நவ. 8, சனி

வெயில். கொடி பால்கனிக்குப் போயிற்று.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கரையான்சாவடி. மெயின் ரோட்டில் ஒரு இசைக்கருவிக் கடை, பிளாஸ்டிக் கவர் மாட்டிய கிட்டார்கள் வரிசையாகத் தொங்கும். கடைக்காரருக்கு ஐம்பதுக்கு மேல், மூக்குக்கண்ணாடி நெற்றியில். ஒரு ஆர்மோனியத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பிரச்சினையைச் சொன்னேன். லிஸ்டையும் காட்டினேன். படித்துப் பார்த்து, "இவ்ளோ எழுதிகினு வந்தது நீங்கதான் மேடம்" என்றார். பாராட்டா என்று தெரியவில்லை.

வாசித்தார். சுத்தமாக வந்தது. நான் வாங்கி வாசித்தேன். சுத்தம்.

"பஸ் சத்தத்துல கேக்கல" என்றேன். மனிதர் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். மறுபடி வாசித்தார். கோயில் மணி மாதிரி வந்தது. செல்போன் டார்ச்சை அடித்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். முதுகுப் பலகையை விரல் முட்டியால் ஒவ்வொரு அங்குலமாகத் தட்டினார்.

"இது கீழ வியல மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"விழுந்த கிட்டாரு எனக்குத் தெரியாதா? தெனிக்கும் ரெண்டு வருது. இது கொயந்த மாதிரி வச்ச கிட்டாரு."

நான் விடவில்லை, வீட்டில் கேட்கிறதே என்றேன். அவர் கிட்டாரைப் பைக்குள் வைத்தார்.

"ஒண்ணு பண்ணுங்க. இதே நோட்டு, மேல் ஸ்ட்ரிங்ல ஏழாவது ஃப்ரெட்லயும் வரும். ஊட்டுக்குப் போயி அத வாசிங்க. அதுலயும் கிர்ருன்னா கிட்டாரு மேல தப்பே இல்ல. அந்த ரூம்ல வேற எதுவோ கூட ஆடுது. அப்புறம் அத இன்னொரு ரூமுக்கு எட்த்துகினு போயி வாசிங்க. அவ்ளோதான்."

இடத்தை மாற்றிப் பார். என் வேலையில் இதுதான் அரிச்சுவடி. டெவலப்பரை ஏசுவதற்கு முன்பு இன்னொரு மெஷினில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து நாளும் நான் வாசித்தது ஒரே கட்டில், ஒரே மூலை.

வீட்டுக்கு வந்து கிட்டாரைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. களைப்பு என்று எழுத வந்தேன். களைப்பு இல்லை, பயம்.

நவ. 9, ஞாயிறு

வெயில். காலையில் இட்லி. பதினோரு மணி வரை ஏதேதோ வேலை செய்தேன். ஃப்ரிட்ஜைக்கூடத் துடைத்தேன்.

பிறகு வாசித்தேன்.

மேல் கம்பி, ஏழாவது ஃப்ரெட்: கிர்ர்.
சமையலறை: சுத்தம்.
ஹால்: சுத்தம்.
பால்கனி: சுத்தம். கீழே யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள்.
மறுபடி ரூம், கட்டில்: கிர்ர்.

கு.வைக் கூப்பிட்டேன். நான் ஐந்தாம் கம்பியைத் தட்டத் தட்ட, அவர் ரூமில் இருப்பதை ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி, கிர்ர். ஃபேன் ரெகுலேட்டர், கிர்ர். பீரோ கதவு, கொஞ்சம் குறைந்தது. ஹெல்மெட், கிர்ர். டார்ச், கிர்ர். பிக் டப்பா.

நின்றுவிட்டது.

கையை எடுத்தார். கிர்ர். வைத்தார். அமைதி. அவருக்கு ஒரே குஷி, இரண்டு மூன்று தடவை வைத்து வைத்து எடுத்தார். "மூடி லூசு. பீரோ தகரம் அதிருது, இது மேல உக்காந்துகிட்டு தாளம் போடுது" என்றார். டப்பாவைக் கீழே இறக்கி, அதை அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு அடிப்பக்கம் பார்த்தார்.

"இதுல எம். ஃப்ளோரான்னு பேர் வெட்டியிருக்கு."

புள்ளி புள்ளியாக வெட்டின எழுத்து. எவர்சில்வர் டப்பா. எனக்கு அது எவ்வளவு நாளாகவோ பிக் டப்பா.

ஜூனில் கு.வுக்குக் காய்ச்சல், பதினோரு நாள். எனக்கு ஆபீஸில் ரிலீஸ், ராப்பகலாக வேலை. ஃப்ளோரா அக்கா தினமும் இந்த டப்பாவில் கஞ்சி கொண்டுவந்து தந்தார், மேலே ஒரு தட்டில் பருப்புத் துவையல். வேலையிருந்தால் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு மணி அடித்துப் போய்விடுவார். கடைசி நாள் டப்பா என்னிடம் தங்கியது.

வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள். ஏதாவது போட்டுத்தான் தர வேண்டும். பால் பாயசம் செய்து தருவோம் என்று ஜூலையில் நினைத்தேன். ஆகஸ்டில் சீடை. பிறகு சுண்டல். தீபாவளிக்குக் கட்டாயம் என்று நினைத்தேன், அப்போது கடையில் வாங்கின ஸ்வீட்டைப் போட்டுத் தர வெட்கமாக இருந்தது. ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டுத் தந்திருந்தாலே சம்பிரதாயம் முடிந்தது. இடையில் எப்போதோ அதற்குள் பிக், கேப்போ என்கிற கிட்டார் கிளிப், டியூனர் பேட்டரி, இரண்டு சேஃப்டி பின் எல்லாம் குடியேறிவிட்டன.

இரவல் வாங்கும் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது. பொதுவாகச் சொல்கிறேன்.

என்ன மாறியது? ஞாயிற்றுக்கிழமை நான் என் கையால் தூக்கிப் பீரோ மேல் வைத்தேன். மூன்றாம் தேதி இதே டைரியில் எழுதியும் இருக்கிறேன், இப்போது திருப்பிப் பார்த்தேன். என் லிஸ்டில் நான் மட்டும் இல்லை.

கு. டப்பாவைக் கட்டிலில் வைத்துவிட்டு ஹாலுக்குப் போய்விட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நவ. 10, திங்கள்

தூறல். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

காலையில் குப்பை கொட்டப் போனபோது ஃப்ளோரா அக்கா படிக்கட்டில். நானே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்:

"கடைக்கு எட்த்துகினு போனியாமே, ரேவதி சொல்ச்சி. சரியாச்சா?"

"சரி பண்ணிட்டாங்க அக்கா."

"இன்னாவாம்?"

"உள்ள ஒரு கட்டை லூசாம்."

அந்த வெள்ளைக்காரரின் கட்டை. யோசிக்கவே இல்லை, நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"அப்ப கீழ போட்டுத்தான் கீறான், பாரேன்" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை, மனசு விட்டுப்போன மாதிரி. "சின்னப் புள்ளையிலருந்து தெரியும் அவன. மூஞ்சப் பாத்து பொய் சொல்லிட்டான்."

குப்பை வாளியோடு நின்றேன். பிறகு மேலே வந்தேன். பத்து மணிக்கு மீட்டிங். ஒரு பையனின் கோடில் ஒரு தப்பு இருந்தது, மெதுவாகச் சொன்னேன். உடம்பு சரியில்லையா மேடம் என்று கேட்டார்கள்.

நவ. 12, புதன்

மழை. லிஃப்ட் ஓடுகிறது.

லிஃப்டில் ரேவதி, மொட்டை மாடிக்குப் போகிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்கிற நாள். பிரகாஷ் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாம். ஃப்ளோரா அக்கா கிட்டாரே இல்லாமல் பாட்டைப் பழக்கிக்கொண்டிருக்கிறாராம். "அக்காவே சொல்றாங்க, திருட்டுத்தனம் பண்ணா கூட மன்னிச்சிருப்பேன், பொய் சொன்னதுதான் தாங்கலன்னு."

நான் இறங்க வேண்டிய மாடி தாண்டிப் போய்விட்டது.

ஆறு மணிக்குக் கேசரி கிண்ட ஆரம்பித்தேன். டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போய், முதலில் கேசரி, அவர் சாப்பிடும்போது விஷயம், என்று திட்டம். ரவை கட்டி தட்டியது. சரி, நாளை மறுபடி செய்யலாம், நெய் வேறு நல்லதாக வாங்கி...

கு. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஆளு நாளைக்கும் பொய்யனாவே இருக்கணும், உன் கேசரி நல்லா வர வரைக்கும். அப்படித்தானே?"

அடுப்பை அணைத்தேன். கட்டி தட்டிய கேசரியை அவரே சாப்பிட்டார்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிவு செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கம்பி, ஃப்ரெட் எல்லாம் அப்புறம். வெள்ளிக்கிழமை வாசலில் அந்த நகத்தைப் பார்த்தபோதே, இந்தக் கையா என் கிட்டாரை வாசிக்கப்போகிறது என்று நினைத்தேன். மிச்சமெல்லாம் அதற்குச் சாட்சி தேடினது. என் அப்பாவும் திண்டுக்கல்லில் லேத் பட்டறையில்தான் வேலை செய்தார். அவர் நகமும் அப்படித்தான் இருந்தது. அந்தக் காசில் படித்தவள்.

நவ. 13, வியாழன்

மழை விட்டது. லீவு போட்டேன்.

டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஒன்றும் போடவில்லை. பதினொன்றரைக்குக் கீழே போனேன்.

ஃப்ளோரா அக்கா கதவைத் திறந்து, டப்பாவை வாங்கி, வழக்கம்போல மூடியைத் தூக்கிப் பார்த்தார். காலி. மூடினார்.

நின்றபடியே சொன்னேன். பீரோ, மூடி, கிர்ர். கடைக்காரர் சொன்னது. லூசுக் கட்டை என்று நான் சொன்னது பொய் என்பது. பிரகாஷ் கிட்டாரைக் கீழே போடவில்லை. மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன வரிசை எல்லாம் கலைந்துபோயிற்று. கடைசியில் டப்பா ஐந்து மாதம் என்னிடம் இருந்ததையும் சொன்னேன்.

"டப்பா உன்னாண்ட கீதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றார்.

"கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டா சங்கடப்படுவ. டப்பாதான, கெடக்கட்டும்னு உட்டேன்."

நான் கேட்டது காய்கறி வேன் முன்னால். நாலு பேர் நடுவில்.

அவர் உட்காரவில்லை, என்னையும் உட்காரச் சொல்லவில்லை. டப்பாவை மேஜையில் வைத்த பிறகுதான் குரல் உயர்ந்தது. "எனக்குக் கூட பரவால்ல. உன் பேச்ச நம்பி ஒரு நல்ல மன்சன நான் பொய்க்காரன்னு சொல்ட்டேனே. என் வாயால. அத்த நான் எங்க போயி கயுவறது?"

மன்னிச்சிடுங்க அக்கா என்றேன். "என்னாண்ட இன்னாத்துக்கு சொல்ற?" என்று போனை எடுத்து, நம்பரைப் போட்டு, என் கையில் வைத்தார்.

மணி போயிற்று. மிஷின் சத்தம்.

"சொல்லுக்கா."

"அக்கா இல்லைங்க. நான் மூணாவது மாடி, கிட்டார் குடுத்தவங்க."

சொன்னேன். இந்தத் தடவை சின்னதாக: கிட்டாரில் ஒன்றுமில்லை, தப்பு என் வீட்டில், நீங்கள் போடவில்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நான் போடலன்னு எனக்குத் தெரியும் மேடம்" என்றார். வைத்துவிட்டார்.

ஃப்ளோரா அக்கா போனை வாங்கி மறுபடி அவருக்கே போட்டார். "டேய், நான்தான். வைக்காத. நானும் தப்புதான்டா" என்று ஆரம்பித்தபோது நான் வெளியே வந்துவிட்டேன். என் செருப்பை எடுக்க மறந்து, மாடி ஏறின பிறகு திரும்ப இறங்கி, கதவருகே சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு வந்தேன்.

நவ. 14, வெள்ளி

மூட்டம். ஆபீஸ் பஸ்ஸில் ஆரம்பித்தது, எழுத்து கோணல்; மிச்சம் வீட்டில்.

குரூப்பில் போட வேண்டியது. எழுதிப் பார்த்தவை:

'சில நாட்களுக்கு முன் நான் போட்ட செய்தி சிலர் மனதைப் புண்படுத்தியிருந்தால்...' இருந்தாலாம். அழித்தேன்.

'கிட்டார் பிரச்சினை தீர்ந்தது, நன்றி.' இது எனக்கே சிரிப்பு. அழித்தேன்.

போட்டது: 'கிட்டார் கெடவில்லை. ஃப்ளோரா அக்காவும் பிரகாஷும் நன்றாகத்தான் திருப்பித் தந்தார்கள். தப்பு என் ரூமில் இருந்தது. அக்காவின் டப்பாவை ஐந்து மாதம் திருப்பித் தராமல் வைத்திருந்தது நான்.'

கட்டைவிரல் இல்லை. பொதுவாகச் சொன்னதற்குப் பன்னிரண்டு, பேர் சொல்லிச் சொன்னதற்குப் பூஜ்யம். இரண்டு மணி நேரம் கழித்து ரேவதி: 'ஓ.'

ஐந்து மணிக்கு ஃப்ளோரா அக்காவிடமிருந்து தனியாக ஒரு வாய்ஸ்: "ஞாத்திக்கெயம கிட்டாரு வோணும். குடுப்பியா?" அவ்வளவுதான். 'கண்ணு', 'அம்மா' எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் புதுக் கம்பி ஆறும் மாற்றினேன். கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். சரி என்றார்.

நவ. 16, ஞாயிறு

நல்ல வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

மூன்று மணிக்கு மணி அடித்தது. பிரகாஷ். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையவில்லை. தோளில் கிட்டார், கையில் ஃப்ளோரா அக்காவின் டப்பா. நகம் அப்படியேதான் இருந்தது, தேய்த்தும் போகாது போல.

"பண்டிகை சாப்பாடு. அக்கா குடுக்கச் சொன்னாங்க."

உள்ள வாங்க என்றேன். வேணாம் மேடம் என்றார். டப்பாவை வாங்கினேன், சூடாக இருந்தது. கிட்டாரையும் வாங்கிச் சுவரில் சாய்க்கப் போனேன்.

"வாசிச்சுப் பாத்துட்டு வாங்கிக்கோங்க மேடம்."

"ஐயோ, வேணாங்க."

"இல்ல. பாத்துடுங்க."

குரலில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. ஃபாக்டரியில் ஒரு பொருளை ஒப்படைக்கும்போது இப்படித்தான் சொல்வாராயிருக்கும். வாசலில் செருப்போடு நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. கு. ஹாலிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார்.

பையைத் திறந்தேன். பிக் எங்கே வைத்தேன் என்று நினைவில்லை, விரலாலேயே. நிலைப்படியில் உட்கார்ந்து ஐந்தாம் கம்பி, இரண்டாம் ஃப்ரெட். சுத்தமாக வந்தது.

"சரியா இருக்குங்க."

"மத்ததும் பாத்துடுங்க மேடம்."

ஆறு கம்பி, எனக்குத் தெரிந்த மூன்று ஃப்ரெட், ஒவ்வொன்றாக. நாலாம் கம்பியை நான் சரியாக அழுத்தாததால் ஒரு நோட் வரவில்லை. அவர் உடனே நிமிர்ந்தார். "அது என் விரல்" என்றேன் அவசரமாக. மறுபடி வாசித்தேன். வந்தது. தலையை ஆட்டினார். கடைசிக் கம்பியின் கடைசி நோட் அடங்கும்வரை நின்று கேட்டுவிட்டு, "சரிங்க மேடம்" என்று படிக்கட்டில் இறங்கினார். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிரியாணியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி டப்பாவைக் கழுவிவிட்டேன். வீட்டில் பலகாரம் ஒன்றுமில்லை. ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டிருக்கிறேன். அடியில் ஈரம் போகவில்லை, பரவாயில்லை, கீழே போகிறேன்.